நாலரைக்கு எழும்பும் ஆசிரியைக்கு ஜெப நேரம் எங்கே?

கேள்வி: எங்கள் வீடு உப்புவெளியில். மூதூர்ப் பாதையில், கிண்ணியா தாண்டி ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். விடிய நாலரைக்கு எழும்பிச் சமைத்து, எல்லாருக்கும் சாப்பாடு கட்டிவைத்து, ஐந்தே முக்காலுக்கு பஸ் ஏறினால் ஏழு மணிக்குப் பாடசாலையில் நிற்பேன். வீடு திரும்ப மூன்று மணியாகும். கணவருக்குச் சீனக்குடாவில் ஷிப்ட் வேலை. மூத்தவனுக்கு இந்த வருடம் ஓ.எல்., இளையவளுக்குப் புலமைப்பரிசில் சோதனை. நான் படுக்கப் பதினொரு மணி. மாமி எட்டு மணிக்கே படுத்துவிடுவா. நாலு மணிக்கு எழும்பி ஒரு மணித்தியாலம் முழங்காலில் நின்று ஜெபிப்பா. “ஜெபமில்லாத வீடு கூரையில்லாத வீடு” என்று அவ சொல்லும்போது அது எனக்குத்தான் என்று தெரிகிறது. ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும், ஒரு வருடத்தில் வேதாகமத்தை வாசித்து முடிக்கும் அட்டவணையோடு தொடங்குகிறேன். லேவியராகமத்தோடு நின்றுபோகிறது. அடுத்த வருடம் மறுபடி ஆதியாகமம். போனில் வாசித்தால் வாட்ஸ்அப் இழுக்கிறது. இரவில் கட்டிலருகே முழங்காலிட்டால் அப்படியே நித்திரை. விட்ட நாட்களை நினைத்தால் ஜெபிக்கவே வெட்கம். சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருகிறது. நாலு மணிக்கு எழும்பப் பழகத்தான் வேண்டுமா? – ஆசிரியை, உப்புவெளி.

பதில்:

அன்புள்ள சகோதரி,

வேண்டாம். பதினொரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழும்பும் உங்களுக்குக் கிடைப்பது ஐந்தரை மணித்தியால நித்திரை. வளர்ந்த ஒருவருக்கு ஏழு மணித்தியாலமாவது தேவை. அதிலும் அரை மணித்தியாலத்தை வெட்டி ஜெபத்துக்குக் கொடுத்தால் நாலு நாள் ஓடும், ஐந்தாம் நாள் அலாரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் படுப்பீர்கள். பிறகு அதற்கும் ஒரு குற்ற உணர்வு. மாமி எட்டு மணிக்குப் படுக்கிறா என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாலு மணிக்கு அவ எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டு எழும்புகிறா. அவவின் நாலு மணியும் உங்கள் நாலு மணியும் கடிகாரத்தில் மட்டும்தான் ஒன்று.

கட்டிலருகே நித்திரை வருவதை ஆவிக்குரிய சோர்வு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எலியா சூரைச்செடியின் கீழ், சாக வேண்டும் என்று கேட்டுவிட்டுப் படுத்து நித்திரையாகிறார். வந்த தூதன் அவரைக் கண்டிக்கவில்லை, எழுந்து ஜெபி என்றும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார். தூதன் இரண்டாம் தரமும் வந்து சாப்பிடச் சொன்னான். ஓரேபில் தேவன் பேசியது அதற்குப் பிறகுதான்.

அதிகாலை ஜெபத்துக்கு எல்லாரும் காட்டுவது மாற்கு 1:35. இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனார். உண்மைதான். ஆனால் அதே மாற்கு 6:46இல் ஜனங்களை அனுப்பிவிட்டு, மாலை வேளையில் ஜெபம்பண்ண மலைக்குப் போகிறார். லூக்கா 6:12இல் இராமுழுவதும். தானியேல் நாளுக்கு மூன்று வேளை. அப்போஸ்தலர் 10இல் பேதுரு மத்தியானத்தில், அதுவும் பசியோடு. வேதத்தில் விடிய நாலு மணிக்கென்று தனிச் சிறப்பு எதுவும் இல்லை. தனியாக இருப்பதும் ஒழுங்காக இருப்பதும்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. விட்ட நாட்களை நினைத்தால் வெட்கம் என்கிறீர்கள். நேரம் கண்டுபிடிப்பது பெரிய வேலையல்ல, அதற்குக் கீழே வருகிறேன். இந்த நிலுவைக் கணக்குத்தான் உங்களை ஜெபத்திலிருந்து துரத்துகிறது. கடைக் கொப்பியில் கடன் ஏற ஏற அந்தக் கடைப் பக்கமே போகாமல் சுற்றுவழியால் போவோமே, அதுதான் நடக்கிறது. மூன்று நாள் விட்டால் பத்து அதிகாரம் நிலுவை, ஒரு கிழமை விட்டால் இருபத்தைந்துக்குக் கிட்ட. அதைத் தீர்க்காமல் எப்படிப் போய் நிற்பது என்று மனம் பின்வாங்குகிறது.

யாத்திராகமம் 16ஐ இந்தக் கண்ணோடு வாசியுங்கள். மன்னாவை அன்றன்றைக்குத்தான் பொறுக்க வேண்டும். மறுநாளைக்கென்று வைத்தது புழுத்து நாற்றமெடுத்தது. ஓய்வுநாளுக்கு முந்தின ஆறாம் நாளில் மட்டும் இரண்டு மடங்கு. நேற்றுப் பொறுக்காதவன் இன்று இரண்டு ஓமர் பொறுக்க வேண்டும் என்ற கட்டளை அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை. ஆகவே முதல் விதி: நிலுவை இல்லை. திங்கள் விட்டால் செவ்வாய்க்கு உரியது செவ்வாயின் பங்கு மட்டும். விட்டதைச் சேர்த்து வாசிக்க இறங்கினால் இரண்டாம் கிழமையே எல்லாம் குலையும்.

வருட அட்டவணையை ஒதுக்கிவையுங்கள். அது ஏன் லேவியராகமத்தில் முறிகிறது என்பது எளிய கணக்கு. நம் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, நான்கு வாசித்தால்தான் வருடத்துக்குள் முடியும். ஆதியாகமம் 50 அதிகாரம், கதை ஓடும். யாத்திராகமத்திலும் செங்கடல், சீனாய் வரை ஓடும். 25ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கு தொடங்குகிறது. உங்கள் வேகத்தில் அது ஜனவரி நாலாம் கிழமை. மாதம் முடியுமுன் லேவியராகமத்தின் பலி முறைகள். பாடசாலையில் புது வகுப்பு, புது இடாப்பு, புதுப் பாடத்திட்டம் எல்லாம் தலைக்குமேல் நிற்கும் நேரமும் அதுதான். அதில் முறியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். லேவியராகமம் வாசிக்க வேண்டிய புத்தகம்தான், ஆனால் எபிரெயர் நிருபத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவசரமில்லாத ஒரு காலத்தில்.

இப்போது நேரம். உங்கள் நாளில் ஏற்கெனவே ஒரு வெற்றிடம் இருக்கிறது: ஏழு மணிக்குப் பாடசாலையில் நிற்கிறீர்கள், மணியடிப்பது ஏழரைக்கு. கையொப்பம் போட்டவுடன் ஆசிரியர் அறையில் உட்கார வேண்டாம், அங்கே கதை தொடங்கினால் எழும்ப முடியாது. நேரே உங்கள் வகுப்பறைக்குப் போங்கள். ஏழே கால் அளவில் பிள்ளைகள் தும்புத்தடியோடு வந்து கூட்டத் தொடங்குவார்கள், அதுவரைக்கும் அறை உங்களுடையது. பதினைந்து நிமிடம். ஒரு மணித்தியாலம் கிடைக்கவில்லையே என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். உங்களிடம் இப்போது இருப்பது ஒரு மணித்தியாலம் அல்ல, பூச்சியம்.

ஒன்றைக் கவனியுங்கள். அது பொது இடம், வேறு சமயத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் நடமாடும் இடம். முழங்காலிடுவதோ சத்தமாக ஜெபிப்பதோ வேண்டாம். மேசையில் கொப்பியோடு உட்கார்ந்திருக்கும் ஆசிரியையை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மத்தேயு 6:6 சொல்லும் பூட்டிய கதவு உங்களுக்கு அதுதான்.

பதினைந்து நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது? முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் செய்யாதீர்கள். பஸ்ஸில் நெரிபட்டு வந்த உடம்பு அடங்கட்டும், வியர்வையைத் துடையுங்கள், தண்ணீர் குடியுங்கள். இதை வீணென்று விட்டுவிட்டு நேரே வாசிக்கத் தொடங்குபவர்கள்தான் ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு என்ன வாசித்தோம் என்று முழிப்பார்கள். அடுத்த ஐந்து நிமிடம் வாசிப்பு: பத்து வசனம் அளவில், கதை எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்துவது. முதற்தரம் கண்ணால், இரண்டாந்தரம் உதடு அசைய மெதுவாக. பிறகு மூன்று நிமிடம் கொப்பியில் ஒரேயொரு வரி. மீதி ஐந்து நிமிடம் ஜெபம்.

மாற்குவில் தொடங்குங்கள். முதல் கிழமைக்குப் பங்கு இதோ: திங்கள் 1:1–13, செவ்வாய் 14–20, புதன் 21–28, வியாழன் 29–39, வெள்ளி 40–45. இந்த வேகத்தில் போனால் பாடசாலை நாட்களில் மட்டும் வாசித்தே ஒரு தவணையில் மாற்குவை ஏறக்குறைய முடித்துவிடலாம். 16 அதிகாரம்தானே என்று நாளுக்கு ஒரு அதிகாரமாக ஓடாதீர்கள்.

அந்த வியாழக்கிழமையை எடுத்துக்கொள்வோம். சீமோனின் மாமி காய்ச்சலில் கிடக்கிறா. இயேசு கையைப் பிடித்துத் தூக்குகிறார், அவ எழும்பி அவர்களுக்குப் பணிவிடை செய்கிறா. பொழுது பட்டதும் பட்டணம் முழுதும் வாசலில். விடியுமுன் இயேசு தனியே போகிறார். சீமோன் பின்னாலேயே தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். இயேசு அந்த வாசலுக்குத் திரும்பிப் போகவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். கொப்பியில் பிரசங்கக் குறிப்பு எழுத வேண்டாம். “எல்லாரும் தேடினார்கள், அவர் எல்லாரிடமும் போகவில்லை” என்று ஒரு வரி போதும். அன்றைய ஜெபம் அந்த வரியிலிருந்தே வரும்: இன்று என்னைத் தேடுகிறவர்களில் யாருக்கு நான் போக வேண்டும், யாருக்கு இல்லை என்று சொல்ல வேண்டும்? அதிபர், பெற்றோர், ஓ.எல். மகன், ஆளாளாக நினைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதாமல் போகும். வாசித்ததற்குச் சம்பந்தமில்லாமல் தேவைகளின் பட்டியலை ஒப்புவிப்பதால்தான் பலருக்கு ஜெபம் இரண்டாம் நிமிடத்தில் வற்றிப்போகிறது.

மற்றவர்களுக்கான ஜெபத்தையும் எல்லாரையும் ஒரே நாளில் அடுக்காமல் பிரித்துக்கொள்ளுங்கள். வகுப்பு இடாப்பு கையில்தானே இருக்கிறது. நாளுக்கு ஐந்து பெயர் என்றால் முப்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பு ஏழு பாடசாலை நாளில் ஒரு சுற்று.

இடையில் மனம் ஓடும். மீன்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசு, சோதனை வினாத்தாள், காஸ் முடியப்போகிறது. அடக்கப் பார்த்தால் இன்னும் கூடும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் “காஸ்” என்று ஒரு சொல் எழுதிவிட்டுத் திரும்புங்கள். எழுதிவிட்டால் மறந்துவிடுவேனோ என்ற பயம் இல்லை, மனம் விட்டுவிடும். சில நாள் அந்த ஓடுகிற நினைவே நீங்கள் ஜெபிக்க வேண்டிய காரியமாகவும் இருக்கும்.

போன் வேண்டாம். நீங்களே காரணம் எழுதிவிட்டீர்கள். பையில் அடங்கும் சிறிய அச்சு வேதாகமம் ஒன்றை வகுப்பறைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பொடி என்றால் புதிய ஏற்பாடு மட்டும் பெரிய எழுத்தில் தனியாகக் கிடைக்கும். போனை சைலன்டில் போட்டுவிட்டு அதையே பார்த்து வாசிப்பது ஒரு கிழமைக்கு மேல் யாருக்கும் ஓடியதாகத் தெரியவில்லை.

பஸ் பிந்தும் நாள், மழை வெள்ளம், ஏழு மணிக்கே அதிபர் கூப்பிட்டுவிடும் நாள் இருக்கும். அதற்கு இரண்டாவது இடம் ஒன்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்: பின்னேரம் ஐந்து மணித் தேத்தண்ணி, பிள்ளைகள் டியூசனில் இருக்கும்போது. மூன்று மணிக்கு வந்து சாப்பிட்டவுடன் வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கண்மூடி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று திருகோணமலையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வீட்டில் ஜெபிக்கும்போது கண் சொருகினால் உட்காராதீர்கள், முற்றத்தில் நடந்துகொண்டே வாய்விட்டு ஜெபியுங்கள். அதுவும் தவறிவிட்டதா? படுக்கையில் சங்கீதம் 4. எட்டே வசனம், ஒரு நிமிடம், படுக்கையைப் பற்றியே பேசி நித்திரையில் முடியும் சங்கீதம். வாசித்துவிட்டு நித்திரை கொள்ளுங்கள். அன்றைய கணக்கு அதோடு சரி.

பஸ் பயணத்தைப் பிரதான நேரமாக்கப் பார்க்காதீர்கள். நின்றுகொண்டு, பாட்டுச் சத்தத்துக்குள், அடுத்த தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டு தியானம் வராது, வரவில்லை என்ற எரிச்சல்தான் மிஞ்சும். ஆனால் ஒன்று செய்யலாம். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தைக் காலையும் பின்னேரமும் கடக்கிறீர்கள். அதன் நீளம் 396 மீற்றர். பஸ் அதைக் கடக்க எடுக்கும் நேரமும், பரமண்டல ஜெபத்தை அவசரமில்லாமல் மனதுக்குள் சொல்ல எடுக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்று, அரை நிமிடம் சொச்சம். போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம், இரவு குடும்ப ஜெபத்தில் ஒருதரம். நாளுக்கு மூன்று தரம் அந்த ஜெபத்தைச் சொல்லும் வழக்கம் ஆதித் திருச்சபையிலேயே இருந்தது, திதாகே என்ற பழைய போதனை நூலில் அப்படித்தான் கட்டளை இருக்கிறது. பாங்கும் கோயில் மணியும் கேட்டு அயலவர்கள் வேளை தவறாமல் எழும்பும் ஊரில், வேளை வைத்து ஜெபிப்பது நமக்கு மட்டும் வெறும் சடங்கு என்று சிலர் சொல்வது எனக்கு விளங்குவதில்லை.

குடும்ப ஜெபத்தை ஏழு நிமிடத்துக்குள் முடியுங்கள். சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகளை அரை மணித்தியாலம் இருத்திவைத்தால் அவர்கள் கற்பது கடிகாரம் பார்க்கத்தான். ஒரு பாட்டின் முதல் சரணம், ஒரு சிறு சங்கீதம், ஆளுக்கு ஒரு வசனத்தில் நன்றியோ விண்ணப்பமோ, பரமண்டல ஜெபம். கணவருக்கு இரவு ஷிப்ட் என்றால் அவர் வெளிக்கிடுமுன் வையுங்கள், அவர் இல்லாத நேரம் நாளடைவில் பெண்கள் ஜெபமாகிவிடும். நீங்கள் நடத்த வேண்டாம், மாமி நடத்தட்டும்.

மாமியைப் பற்றி இன்னொன்று. அவவின் ஒரு மணித்தியாலம் உங்களுக்குப் போட்டியல்ல, உங்கள் வீட்டுக்கு வந்த உதவி. சனிக்கிழமை ஒரு துண்டுக் கடதாசியில் ஐந்தாறு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள்: மூத்தவனின் கணிதம், வகுப்பில் சாப்பாடில்லாமல் வரும் பிள்ளை, உங்கள் களைப்பு. “மாமி, எனக்கு ஏலாமல் கிடக்கு, நீங்கள் ஜெபியுங்கோ” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூரைப் பழமொழி அதற்குப் பிறகு குறையும் என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிறு ஆராதனை இருக்கிறது, அதோடு விடுங்கள். சனி விருப்பம் போல. முக்கியமாக யோசிக்க வேண்டியது விடுமுறை. பாடசாலையோடு கட்டிய வழக்கம் தவணை லீவில் முதல் நாளே அறுந்துபோகும். பஸ் இல்லை, வகுப்பறை இல்லை, ஏழு மணி என்ற அடையாளமே இல்லை. நேரம் தாராளமாக இருக்கும், ஒருநாளும் நடக்காது. ஆகவே லீவு நாட்களுக்கு முதல் தேத்தண்ணியோடு கட்டிக்கொள்ளுங்கள்: கோப்பையை எடுத்துக்கொண்டு குசினியிலிருந்து வெளியே வந்து, எப்போதும் ஒரே கதிரையில். குசினிக்குள் இருந்தால் அடுப்பு கூப்பிடும்.

கத்தோலிக்க வாசகிகளும் இதையே செய்யலாம். மாற்குவுக்குப் பதில் அன்றைய திருப்பலியின் நற்செய்தி வாசகத்தை எடுத்தால் அளவும் ஏறக்குறைய சரியாக வரும்.

அழுகையைக் கடைசியில் ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள், நான் கடக்கமாட்டேன். இரண்டு கிழமைக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் இறுகி, எதிலும் விருப்பமில்லாமல், கட்டில் கிடைத்தும் நித்திரை வராமல் இருந்தால் அது ஜெபக் குறைவு அல்ல. வைத்தியரிடம் போங்கள், வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நேரே போகத் தயக்கமென்றால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள், இரத்தச்சோகையும் தைரொயிட் குறையும் இதே களைப்பைத் தரும். அந்த நாட்களில் சொந்த வார்த்தை வராவிட்டால் சங்கீதம் 13ஐ எடுங்கள். ஆறு வசனம், எதுவரைக்கும் என்ற கேள்வியோடுதான் அது தொடங்குகிறது.

வருகிற திங்களே தொடங்குங்கள், மாதம் பிறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். தவறிய நாளுக்குப் புள்ளடி போடாதீர்கள், நடந்த நாளுக்கு மட்டும் கொப்பியில் திகதி. நாலு கிழமை முடிய எண்ணிப் பாருங்கள். இருபது பாடசாலை நாளில் பன்னிரண்டு திகதியாவது இருந்தால் நேரம் சரி, அப்படியே போங்கள். குறைந்தால் உங்களில் பிழை தேடாமல் நேரத்தை மாற்றுங்கள்: ஐந்து மணித் தேத்தண்ணியைப் பிரதானமாக்கி, வகுப்பறையை இரண்டாவதாக வையுங்கள்.